எந்தக் கோப்பைத் தாண்டிப் போகிறது? இன்கிரிமென்டல் பேக்கப் மென்பொருள்கள் ஒரு மதிப்பீடு

பேக்கப் மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் வேகம், சுருக்கம், என்கிரிப்ஷன், எந்தெந்த கிளவுடில் சேமிக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். போன தடவைக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கோப்பு போன தடவைக்குப் பிறகு மாறவில்லை என்று மென்பொருள் எதை வைத்து முடிவு செய்கிறது? ஒவ்வொரு இரவும் லட்சக்கணக்கான கோப்புகளைத் திறந்து படிக்க நேரமில்லை. அதனால் திறக்காமலேயே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு இரண்டு விதமாகத் தவறலாம். மாறாத கோப்பை மாறியதாக நினைத்தால் கொஞ்சம் நேரம் வீண், அவ்வளவுதான். மாறிய கோப்பை மாறாததாக நினைத்துவிட்டால் பேக்கப்பில் பழைய பிரதி மட்டுமே இருக்கும். லாகில் ஒரு எச்சரிக்கைகூட வராது, எல்லாம் வெற்றி என்றே எழுதியிருக்கும். ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியவரும். ஆகவே இந்த மதிப்பீட்டில் மதிப்பெண் போவது இரண்டாவது தவறை எந்த மென்பொருள் குறைவாகச் செய்கிறது என்பதற்கே. எடுத்துக்கொண்டவை ஆர்சிங்க், குனு டார், போர்க், ரெஸ்டிக், விண்டோஸின் ரோபோகாப்பி. பாகுலா, ஆர்க்ளோன், டைம் மெஷின் ஆகியவை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் கையில் இருக்கும் சாட்சிகள் ஒரு சிலதான். முதலாவது எம்டைம், அதாவது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். இதில் உள்ள கோளாறு, எந்த நிரலும் இதைத் தன் விருப்பப்படி திருப்பி எழுதிவிடலாம் என்பது. டச் கட்டளை அதற்கென்றே இருக்கிறது. ஜிப்பைப் பிரித்தால் உள்ளே இருந்த பழைய தேதியே கோப்புக்கு வரும். எக்ஸிஃப்டூலை பெரிய எழுத்து பி ஆப்ஷனுடன் ஓட்டினால் படத்தின் விவரங்களைத் திருத்திவிட்டுப் பழைய தேதியையே மீண்டும் போட்டுவிடும். இரண்டாவது அளவு. ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்து மாறினால் அளவு அப்படியே இருக்கும் என்பதால் இது துணைச் சாட்சி மட்டுமே. மூன்றாவது, லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள சிடைம், அதாவது உள்ளடக்கமோ அனுமதி போன்ற விவரமோ கடைசியாக மாறிய நேரம். இதை இயங்குதளத்தின் மையமான கர்னல் தானே எழுதுகிறது. சாதாரண நிரல் எதுவும் நேரடியாக மாற்ற முடியாது. எம்டைமைத் திருப்பி வைத்தாலும், அப்படித் திருப்பி வைத்த செயலே சிடைமை நகர்த்திவிடும். நான்காவது ஐநோட் எண், டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண். எடிட்டர்கள் பல, தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. அப்போது ஐநோட் எண் புதிதாக இருக்கும். விண்டோஸில் ஆர்க்கைவ் பிட் என்று தனியாக ஒன்று உண்டு. கோப்பில் எழுதினால் அது தானாக ஏறிக்கொள்ளும். இவை எதுவும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது கோப்பை முழுதாகப் படித்து ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், எடுப்பதுதான்.

சாட்சி எது என்பது ஒரு பாதி. எதோடு ஒப்பிடுகிறது என்பது இன்னொரு பாதி, பலர் கவனிக்காத பாதியும் இதுதான். சில மென்பொருள்கள் போன பேக்கப் நடந்த நேரத்தை மட்டும் நினைவில் வைத்து, அதற்குப் பிந்தைய தேதியுள்ள கோப்புகளை எடுக்கின்றன. இதைத் தேதிக்கோட்டு முறை என்று வைத்துக்கொள்வோம். வேறு சில, போன தடவை பார்த்த கோப்புகளின் பட்டியலையே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றன. தேதிக்கோட்டு முறையில், இரண்டு வருடத்துக்கு முந்தைய எம்டைம் உள்ள ஒரு கோப்பை நேற்று ஃபோல்டருக்குள் கொண்டுவந்து போட்டால் அது கண்ணில் படாமலே போகலாம். பட்டியல் முறையில் "இந்தப் பெயர் போன தடவை இல்லையே" என்று உடனே பிடிபடும். எம்டைமை மட்டும் நம்பும் தேதிக்கோட்டு முறை எல்லாவற்றிலும் மோசமானது. ஃபைண்ட் கட்டளையில் கடைசி ஒரு நாளில் மாறியவை என்று தேடி அதை டாரில் கொடுக்கும் வீட்டுத் தயாரிப்பு ஸ்கிரிப்டுகள் அத்தனையும் இந்த ரகம்தான்.

எல்லோருக்கும் ஒரே சோதனை

விளம்பரப் பக்கத்தை நம்பாமல் எந்த மென்பொருளையும் இப்படிப் பார்த்துவிடலாம். ஒரு சோதனை ஃபோல்டரில் 1000 என்று மட்டும் எழுதிய சிறு கோப்பு ஒன்றை வையுங்கள். முதல் பேக்கப்பை எடுங்கள். டச் கட்டளையின் ஆர் ஆப்ஷனைக் கொண்டு அந்தக் கோப்பின் நேரத்தை, பேக்கப் ஃபோல்டருக்கு வெளியே உள்ள வேறொரு கோப்புக்கு நகலெடுத்து வையுங்கள். இனி 1000 என்பதை 9000 ஆக்குங்கள். எடிட்டரிலோ, செட் கட்டளையின் ஐ ஆப்ஷனிலோ மாற்றாதீர்கள், அவை புது ஐநோட் உண்டாக்கிவிடும். எக்கோவை நேராக அந்தக் கோப்புக்குத் திருப்பி எழுதினால் ஐநோட் அதே எண்ணில் நிற்கும். கடைசியாக, எடுத்து வைத்த பழைய நேரத்தை டச் கட்டளையால் மறுபடி போடுங்கள். இப்போது பெயர், அளவு, எம்டைம், ஐநோட் நான்கும் முன்போலவே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் வேறு. இரண்டாவது பேக்கப்பை ஓட்டி, அதை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, கோப்பில் 1000 இருக்கிறதா 9000 இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்சிங்க் இயல்பு நிலையில் கோட்டை விடும், கோப்பைப் படித்து ஹாஷை ஒப்பிடும் செக்சம் ஆப்ஷன் கொடுத்தால் பிடிக்கும். குனு டாரின் லிஸ்டட் இன்கிரிமென்டல் முறை சிடைமைப் பார்ப்பதால் பிடிக்கும். போர்க்கும் ரெஸ்டிக்கும் லினக்ஸில் இயல்பு நிலையிலேயே பிடிக்கும். அவற்றில் சிடைமை அணைத்துவிட்டு ஓட்டினால் இரண்டும் தவறவிடலாம். விண்டோஸில் இதற்கு இணையான சோதனையைச் செய்தால் ரோபோகாப்பி சாதாரணமாக ஓடும்போது தவறவிடும். ரெஸ்டிக் விண்டோஸில் பாதை, அளவு, எம்டைம் மூன்றை மட்டும் பார்ப்பதால் அங்கே தவறவிடும். ஒரே மென்பொருள் ஒரு இயங்குதளத்தில் தேறி இன்னொன்றில் தோற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் இப்படியெல்லாம் நேரத்தைத் திருப்பி வைக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். கோப்புகளைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன் மென்பொருளான வெராகிரிப்ட் வைக்கிறது. பல கோப்புகளை உள்ளே அடக்கும் அதன் கண்டெய்னர் கோப்புக்கு அளவு நிலையானது. கண்டெய்னரின் மாற்ற நேரத்தைப் பாதுகாக்கும் விருப்பம் பிரிஃபரன்ஸஸில் ஆரம்பத்திலேயே டிக் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே எத்தனை ஆவணங்களைத் திருத்தினாலும் வெளியே அளவும் எம்டைமும் அசையாது. மிக முக்கியமானதைத்தான் ஒருவர் கண்டெய்னரில் பூட்டி வைப்பார், அதுவே பேக்கப்பில் முதல் நாள் பிரதியாகத் தேங்கி நிற்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அல்லது கண்டெய்னரைத் திறந்து மவுண்ட் செய்த நிலையில் உள்ளே இருக்கும் கோப்புகளை, தன்னளவில் என்கிரிப்ஷன் உள்ள ஒரு பேக்கப் மென்பொருளால் எடுங்கள்.

இதற்கு நேரெதிர்த் தொல்லை அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு. புதிதாக ஒரு மெயில்கூட வராவிட்டாலும் திறந்தாலே நேரம் மாறிவிடும். கோப்பை முழுதாக நகலெடுக்கும் மென்பொருள்களில் அந்தப் பெரிய கோப்பு தினமும் போய்க்கொண்டே இருக்கும். துண்டு துண்டாகப் பிரித்துச் சேமிக்கும் மென்பொருள்களில் படிக்கும் நேரம் மட்டுமே செலவு.

ஆர்சிங்க்

1996 முதல் இருப்பது, எங்கும் கிடைப்பது. இதன் இயல்பான முடிவு முறையை குவிக் செக் என்பார்கள். இரு பக்கமும் அளவும் எம்டைமும் ஒன்றாக இருந்தால் கோப்பைத் தொடாது. ஒப்பிடுவது சேமிப்பு இடத்தில் உள்ள கோப்போடு என்பதால் இது பட்டியல் முறைதான், பழைய தேதியோடு வந்து சேர்ந்த கோப்பு தப்பாது. ஆனால் சேமிப்பு இடத்தில் எம்டைம் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தம். ஆர்க்கைவ் ஆப்ஷன் போடாமல் ரெகர்சிவ் மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு, சேமிக்கப்பட்ட கோப்பில் நகலெடுத்த நேரம் எம்டைமாக விழுந்திருக்கும். அடுத்த தடவை எல்லாக் கோப்பும் மாறியதாகத் தெரியும். தினமும் முழுவதும் போகிறதே என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது ஃபேட் வடிவ பென் டிரைவுகள். ஃபேட்டில் மாற்ற நேரம் 2 விநாடிப் படிகளில்தான் பதியும். மூலத்தில் 07 விநாடி என்றால் அங்கே அது அப்படியே நிற்காது. மாடிஃபை விண்டோ ஆப்ஷனுக்கு 1 கொடுத்தால் ஒரு விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், சிக்கல் தீரும். ஃபேட் நேரத்தை உள்ளூர் நேரமாகவே எழுதி வைப்பதால், கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடம் இரண்டு தடவை எல்லாக் கோப்பும் சரியாக ஒரு மணி நேரம் தள்ளித் தெரியலாம். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் 3601 கொடுத்தால் போதும். அதை நிரந்தரமாக வைக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் நடந்த திருத்தங்கள் விட்டுப்போகும். சைஸ் ஒன்லி ஆப்ஷனைப் பேக்கப்புக்கு எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

லிங்க் டெஸ்ட் ஆப்ஷனைக் கொண்டு நாளுக்கொரு ஃபோல்டராக எடுப்பது நல்ல முறை. மாறாத கோப்பு நேற்றைய ஃபோல்டரில் உள்ளதற்கு ஹார்ட் லிங்காக, அதாவது அதே தரவுக்கு இன்னொரு பெயராக, போகும். இதில் உரிமையாளரோ அனுமதியோ மாறியிருந்தால்கூட லிங்க் ஆகாது, தனிப் பிரதி விழும். உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையை ஃபோல்டர் முழுக்க ஓட்டிய அன்று டிஸ்க் திடீரென நிரம்புவது இதனால்தான்.

ஆர்சிங்கில் மிகவும் பிடித்த அம்சம், தன் முடிவுக்கான காரணத்தை அது சொல்லிவிடும் என்பது. எதையும் நகலெடுக்காமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் டிரை ரன்னும், காரணத்தைக் காட்டும் ஐட்டமைஸ் சேஞ்சஸும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் எழுத்துகள் வரும். எஸ் இருந்தால் அளவு வேறு, டி இருந்தால் நேரம் வேறு, பி இருந்தால் அனுமதி வேறு. இதோடு செக்சம் ஆப்ஷனையும் சேர்த்து மாதம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒரு கோப்புக்கு சி மட்டும் வந்து, எஸ்ஸும் டியும் வராவிட்டால் அங்கே நிதானியுங்கள். அளவும் நேரமும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் வேறாக இருக்கிறது என்று பொருள். ஒன்று, வெராகிரிப்ட் மாதிரி ஏதோ நிரல் நேரத்தைத் திருப்பி வைத்திருக்கிறது. அல்லது இரண்டு டிஸ்குகளில் ஒன்றில் தரவு கெட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது காரணமாக இருந்து, மூலம் கெட்டிருந்தால், டிரை ரன்னை எடுத்துவிட்டு ஓட்டிய மறுகணம் நல்ல பிரதியின் மேல் கெட்ட பிரதி எழுதப்பட்டுவிடும். செக்சம் ஓட்டத்தை எப்போதும் டிரை ரன்னாகவே தொடங்கி, பட்டியலைப் பார்த்த பிறகே நிஜமாக ஓட்டவும்.

குனு டார்

டேப்புக்கும், எளிய சர்வர்களுக்கும் இன்றும் போதுமானது, ஆனால் எந்த ஆப்ஷன் என்பதில் எல்லாம் இருக்கிறது. நியூயர் எம்டைம் ஆப்ஷன் மேலே சொன்ன மோசமான ரகம். நியூயர் ஆப்ஷன் எம்டைமோடு சிடைமையும் பார்க்கும், பரவாயில்லை. பேக்கப்புக்கு உரியது லிஸ்டட் இன்கிரிமென்டல்தான். அது ஸ்னாப்ஷாட் கோப்பு என்று ஒன்றைத் தனியே வைத்து, ஒவ்வொரு ஃபோல்டரின் சாதன எண், ஐநோட் எண், அதிலிருந்த பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். புதிதாக வந்த பெயரை, தேதி எவ்வளவு பழையதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரின் பெயர் மாறினால் மாறியது என்பதையும் புரிந்துகொள்ளும். ரீஸ்டோரின்போது, அந்த நாளில் இல்லாத கோப்புகளை அழித்தும்விடும். வேறு கோப்புகள் உள்ள இடத்தில் கவனமில்லாமல் ரீஸ்டோர் செய்தால் அவையும் போய்விடும், ஆகவே காலி ஃபோல்டரில் பிரிப்பதே முறை.

இங்கே இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஸ்னாப்ஷாட் கோப்பின் மேலேயே டார் புதிய நிலையை எழுதிவிடும். ஞாயிறு முழு பேக்கப், மற்ற நாட்கள் ஞாயிறிலிருந்து மாறியவை மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நடப்பதோ செவ்வாய்க்குத் திங்களிலிருந்து மாறியவை மட்டும். அப்படியானால் வெள்ளியன்று ரீஸ்டோர் செய்ய இடைப்பட்ட ஒவ்வொரு நாளின் கோப்பும் வரிசையாக வேண்டும், ஒன்று கெட்டாலும் சங்கிலி அறுந்துபோகும். ஞாயிறு ஸ்னாப்ஷாட்டைப் பத்திரமாக வைத்து, தினமும் அதன் நகலைக் கொடுத்து ஓட்டுங்கள். இரண்டு, என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் டிஸ்குகளில் மறுமுறை மவுண்ட் செய்யும்போது சாதன எண் மாறலாம். டார் எல்லா ஃபோல்டரையும் புதியதாக நினைத்து முழு பேக்கப் எடுத்துவிடும். நோ செக் டிவைஸ் ஆப்ஷன் அதற்காகத்தான்.

பாகுலாவையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் இயல்பு நிலையில் அது தேதிக்கோட்டு முறை. எம்டைம், சிடைம் இரண்டையும் போன வேலையின் நேரத்தோடு ஒப்பிடும். வெளியிலிருந்து ஒரு ஃபோல்டரை எம்வி கட்டளையால் நகர்த்தி உள்ளே வைத்தால், ஃபோல்டரின் சிடைம்தான் மாறும், அதற்குள் இருக்கும் கோப்புகளின் எம்டைமும் சிடைமும் அப்படியே இருக்கும். அத்தனை கோப்பும் அடுத்த முழு பேக்கப் வரை வெளியே நிற்கும். அழித்த கோப்புகள் ரீஸ்டோரில் திரும்பி வருவதும் உண்டு. வேலையின் அமைப்பில் அக்யூரேட் என்பதை யெஸ் ஆக்கினால் பட்டியல் முறைக்கு மாறிவிடும், நினைவகம் கூடுதலாகத் தின்னும். அக்யூரேட் இல்லாத பாகுலாவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

போர்க்கும் ரெஸ்டிக்கும்

இரண்டும் கோப்பை உள்ளடக்கத்துக்கு ஏற்பத் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்காமல் விடுகின்றன. ஆகவே இங்கே மாறியதா என்ற கேள்வியின் பொருள், மறுபடி படிக்க வேண்டுமா என்பது மட்டுமே. தவறாக மாறியது என்று நினைத்தால் படிக்கும் நேரம் செலவு, சேமிப்பு இடம் கூடாது. இதனால் இவை சந்தேகம் வந்தால் படித்துவிடலாம் என்ற பக்கம் சாய முடிகிறது. இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பலம் இதுதான். அழித்த கோப்பு திரும்பி வரும் பிரச்சினையும் கிடையாது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும், அதாவது ஒவ்வொரு தடவை எடுத்த பேக்கப்பும், முழுப் பட்டியல் என்பதால் எந்த நாளையும் தனியாக ரீஸ்டோர் செய்யலாம்.

போர்க் தன் முடிவுக்கு ஃபைல்ஸ் கேஷ் என்று ஒன்றை, பேக்கப் எடுக்கும் கணினியிலேயே வைத்திருக்கிறது. 1.1 பதிப்பு முதல் சிடைம், அளவு, ஐநோட் மூன்றும் பொருந்தினால்தான் படிக்காமல் விடும். லிஸ்ட் ஆப்ஷனில் ஓட்டினால் கோப்புக்கு முன் ஏ என்றால் புதியது, எம் என்றால் மாறியது, யு என்றால் மாறாதது, சி என்றால் படித்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. சி வந்த கோப்பைச் சும்மா விடாதீர்கள். அது பெரும்பாலும் டேட்டாபேஸ் கோப்பு, பாதி பழையதும் பாதி புதியதுமாக விழுந்திருக்கும். டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாக எழுதும் டம்ப் எடுத்து அந்த டம்பைச் சேமியுங்கள். ஜிஜிப்பில் சுருக்குவதானால் ஆர்சிங்கபிள் ஆப்ஷன் போடவும், இல்லையேல் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிந்தைய பகுதியெல்லாம் புதுத் துண்டுகளாகிவிடும்.

எதுவுமே மாறவில்லை, ஆனாலும் போர்க் எல்லாவற்றையும் படிக்கிறது என்றால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் மவுண்டுகளில் ஐநோட் எண் நிலையாக இருப்பதில்லை, ஃபைல்ஸ் கேஷ் ஆப்ஷனில் சிடைம், அளவு இரண்டை மட்டும் கொடுங்கள். டிஸ்கின் அந்த நேர நிலையைப் பிடித்து வைக்கும் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டைத் தினமும் தேதியோடு புதுப் பெயரில் மவுண்ட் செய்கிறீர்களா? முழுப் பாதை மாறினால் அது போர்க்குக்குப் புதிய கோப்பு, மவுண்ட் பாதையை நிலையாக வையுங்கள். ஒரே ரெப்போவுக்கு, அதாவது சேமிப்பகத்துக்கு, வெவ்வேறு ஃபோல்டர்களை மாறி மாறி எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1.x வரிசையில், தொடர்ந்து 20 பேக்கப்புகளில் கண்ணில் படாத கோப்பைக் கேஷ் மறந்துவிடும். வாரம் ஒரு தடவை எடுக்கும் ஃபோல்டரும் மணிக்கொரு தடவை எடுக்கும் ஃபோல்டரும் ஒரே ரெப்போவில் இருந்தால், வாரத்து ஃபோல்டர் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் படிக்கப்படும். ஃபைல்ஸ் கேஷ் டிடிஎல் என்னும் சூழல் மாறியின் மதிப்பைக் கூட்டுங்கள், அல்லது ஃபைல்ஸ் கேஷ் சஃபிக்ஸ் கொடுத்து இரண்டுக்கும் தனித்தனிக் கேஷ் ஆக்குங்கள்.

மாறாத ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் அடுத்த ஓட்டத்திலும் ஏ வருகிறதே என்று குழம்ப வேண்டாம். ஆகப் பிந்தைய நேரம் கொண்ட கோப்பைப் போர்க் வேண்டுமென்றே கேஷில் வைப்பதில்லை. படித்து முடித்த அதே நொடிப்பொழுதில் அது மறுபடி எழுதப்பட்டிருந்தால் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இவ்வளவு நுணுக்கமான ஓட்டையையும் நினைத்துப் பார்த்துச் செய்திருப்பது போர்க்கின் மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

ரெஸ்டிக் தனிக் கேஷ் பட்டியலை நம்புவதில்லை. அதே ஹோஸ்ட், அதே பாதைகள் கொண்ட கடைசி ஸ்னாப்ஷாட்டைப் பேரண்ட்டாக எடுத்து அதோடு ஒப்பிடுகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் எம்டைம், சிடைம், அளவு, ஐநோட் நான்கும் பொருந்த வேண்டும். நான்கில் ஒன்று பிசகினாலும் படித்துவிடும். நான்கு சாட்சிகளையும் ஆரம்பத்திலேயே கேட்பதால் லினக்ஸில் என் முதல் தேர்வு இதுதான். கோப்பைப் படிக்காமல் விட்டாலும் அனுமதி, உரிமையாளர் போன்ற விவரங்களைப் புதிதாகவே பதிந்துகொள்கிறது.

இதில் வழக்கமாகக் கேட்கும் புகார், ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் ஓடுகிறது என்பது. தொடக்கத்தில் வரும் வரியைப் பாருங்கள். பேரண்ட் ஸ்னாப்ஷாட் கிடைக்கவில்லை, எல்லாக் கோப்பையும் படிக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. டாக்கரில் ஓட்டினால் அதன் கண்டெய்னருக்கு (தனித்த ஓட்டச் சூழலுக்கு) ஒவ்வொரு தடவையும் புது ஹோஸ்ட்பெயர் விழும், பழைய ஸ்னாப்ஷாட்டோடு ஒட்டாது. ஹோஸ்ட் ஆப்ஷனில் நிலையான பெயர் ஒன்றைக் கொடுங்கள். கட்டளையில் பாதைகளைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்தாலும் இதே நிலைதான். அப்போது பேரண்ட் ஆப்ஷனில் ஸ்னாப்ஷாட்டின் அடையாளத்தை நேராகச் சொல்லிவிடலாம்.

ஐநோட் எண் நிலையாக இல்லாத ஃபியூஸ் வகை மவுண்டுகளுக்காக இக்னோர் ஐநோட் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. வேகம் கூடுகிறது என்று எங்கும் போட்டு வைக்காதீர்கள். பெயரில் ஐநோட் மட்டும் இருந்தாலும் அது சிடைமையும் சேர்த்துத் தள்ளிவிடும், மிஞ்சுவது எம்டைமும் அளவும். மேலே சொன்ன சோதனையில் அந்த நிலையில் ரெஸ்டிக் 1000 என்றே திருப்பித் தரும். சிடைம் தேவையில்லாமல் நகரும் இடங்களும் உண்டுதான். ஃபோல்டர் முழுக்க அனுமதியை மாற்றும் ச்மாட் கட்டளையை ஓட்டினாலோ, மூலத்தின் மேல் ஹார்ட் லிங்குகளை வேறு ஒரு கருவி உண்டாக்கினாலோ எல்லாக் கோப்பும் மறுபடி படிக்கப்படும். அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் ரெஸ்டிக்கைப் பயன்படுத்துகிறவர்கள் ஃபோர்ஸ் ஆப்ஷனுடன் மாதம் ஒரு ஓட்டத்தை டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடுங்கள். மாறியதா என்று முடிவு செய்யும் முறையை அங்கே மாற்றக்கூடிய ஆப்ஷன் அது ஒன்றுதான். எல்லாவற்றையும் படித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு யூஸ் எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் ஆப்ஷனையும் சேர்க்கவும், அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும்.

ரோபோகாப்பியும் ஆர்க்கைவ் பிட்டும்

சாதாரணமாக ஓட்டினால் ரோபோகாப்பி அளவையும் நேரத்தையும் ஒப்பிடும். ஃபேட் டிஸ்க் என்றால் எஃப்எஃப்டி ஸ்விட்சு 2 விநாடிப் படியைப் பொறுத்துக்கொள்ளும், டிஎஸ்டி ஸ்விட்சு ஒரு மணி நேர வித்தியாசத்தை. இவ்வளவும் சரி. ஏ ஸ்விட்சு ஆர்க்கைவ் பிட் ஏறிய கோப்புகளை மட்டும் எடுத்து பிட்டை அப்படியே விடும், எம் ஸ்விட்சு எடுத்துவிட்டு பிட்டை இறக்கிவிடும்.

எம் ஸ்விட்சை நம்பி பேக்கப் அமைக்க வேண்டாம். பிட் ஒன்றே ஒன்று, அது கோப்போடு ஒட்டியிருக்கிறது. எந்த டிஸ்குக்குப் போனது என்று அதற்குத் தெரியாது. இரண்டு டிஸ்குகளை வாரம் மாற்றி மாற்றிச் செருகுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் திருத்திய கோப்பு முதல் டிஸ்குக்குப் போனதும் பிட் இறங்கிவிடும். அடுத்த வாரம் இரண்டாவது டிஸ்கைச் செருகினால் அந்தக் கோப்பு மாறாத கோப்பு, போகாது. இரண்டு டிஸ்கிலும் பாதிப் பாதிதான் இருக்கும். வேறு ஒரு பேக்கப் மென்பொருளும் அதே பிட்டை இறக்கினால் கதை இன்னும் சிக்கல். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் உள்ளே உள்ள கோப்புகளின் பிட் ஏறாது, ஆகவே புதுப் பெயரில் எதுவும் போய்ச் சேராது. எம் இல்லாமல் சாதாரணமாக ஓட்டினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, இலக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்யும். நேரத்தைத் திருப்பி வைக்கும் கோப்புகளை மட்டும் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கிளவுட் சேமிப்புகளுக்கு நகலெடுக்கும் ஆர்க்ளோனில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இயல்பாக அளவும் மாற்ற நேரமும் பார்க்கும். ஆனால் சேமிப்பு இடம் மாற்ற நேரத்தை வைத்துக்கொள்ளாத வகையாக இருந்தால், சில வெப்டாவ் சர்வர்கள் அப்படித்தான், அளவை மட்டும் பார்த்து முடித்துக்கொள்ளும். அங்கே செக்சம் போட்டால் சரியாகும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இரு பக்கமும் பொதுவான ஹாஷ் இல்லாவிட்டால், என்கிரிப்ட் செய்து சேமிக்கும் கிரிப்ட் ரிமோட்டில் இல்லை, மறுபடியும் அளவுக்கே இறங்கிவிடும். உங்கள் சேமிப்பு வகைக்கு நேரமும் ஹாஷும் உண்டா என்று ஆவணத்திலுள்ள அட்டவணையில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

மேக்கோடு வரும் டைம் மெஷின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. மேக்கின் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் பதிவேடு எந்த ஃபோல்டரில் அசைவு இருந்தது என்று சொல்ல, அங்கே மட்டும் போய்ப் பார்க்கிறது. பதிவேடு நம்பத்தகாததாகிவிட்டால் முழு ஒப்பீட்டுக்கு இறங்கும், தயாராகிறது என்ற செய்தி நெடுநேரம் நிற்பது அப்போதுதான். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பின் செண்ட் கட்டளை இந்தப் பந்தயத்திலேயே இல்லை. ஒவ்வொரு பிளாக்கும் எந்தப் பரிவர்த்தனையில் பிறந்தது என்பது அந்தக் கோப்பு அமைப்பிலேயே பதிவாகியிருப்பதால் பெயர், நேரம் எதையும் பார்க்காமல் மாறிய பிளாக்கை எடுத்துவிடுகிறது. மூலம், இலக்கு இரண்டுமே இசட்எஃப்எஸ் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வாங்கும் முடிவாகச் சொன்னால் இப்படி. லினக்ஸ், மேக் கணினிகளுக்கு ரெஸ்டிக், எந்த இக்னோர் ஆப்ஷனும் இல்லாமல். சொந்த சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் வழியாக எடுப்பதானால் போர்க், இயல்பான ஃபைல்ஸ் கேஷோடு. கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளும் சாதாரண ஃபோல்டர் பிரதி வேண்டுமென்றால் ஆர்சிங்க், லிங்க் டெஸ்டுடன், மாதம் ஒரு செக்சம் டிரை ரன்னோடு. விண்டோஸுக்கு ரெஸ்டிக், மாதம் ஒரு ஃபோர்ஸ் ஓட்டத்தோடு. ஏற்கெனவே ரோபோகாப்பி ஓடிக்கொண்டிருந்தால் ஸ்கிரிப்டைத் திறந்து எம் ஸ்விட்சு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இருந்தால் எடுத்துவிட்டு ஒரு தடவை முழுதாக ஓட்டுங்கள்.